பொங்கல் வரிசையில வச்ச கார்டு

பேங்க்கு பொண்ணு சொன்னதுதான் ஆரம்பம். "மேடம், உங்க பேர்ல அஞ்சு கிரெடிட் கார்டு இருக்கு. அதுல நாலை நீங்க தொடுறதே இல்ல. லோனுக்கு எழுதிப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணை மூடிட்டா நல்லது." அவ்வளவுதான். சிரிச்ச முகமா, ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து, பதமாத்தான் சொன்னா. எனக்கு அன்னையிலேர்ந்து உக்காந்த இடத்துல உக்கார முடியல.

முத்தியால்பேட்டையில எங்க வீட்டு மேல ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடணும்னு எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா ஆசை. ஆட்டோ ஓட்டுற மனுஷன், முதுகு வலி வேற. வயசான காலத்துல வாடகை வந்தா நிம்மதின்னு அவரு கணக்கு. லோன் என் சம்பளத்துலதான் கிடைக்கணும். அதனால டவுன்ல, புல்வாருக்குள்ள இருக்குற அந்த பேங்க்குக்கு ரெண்டு பேரும் குளிச்சி, நல்ல துணி உடுத்தி, கல்யாணத்துக்குப் போற மாதிரி போயிருந்தோம்.

"நான் செலவே பண்ணலியேம்மா, அப்புறம் அந்த கார்டு இருந்தா உங்களுக்கு என்னா?"ன்னு கேட்டேன்.

"பண்ணலைன்னாலும் எப்ப வேணா பண்ணலாம்ல மேடம்? அதையும் பாப்பாங்க."

இது எந்த ஊரு நியாயம்? நான் குடிக்காத சாராயத்துக்கு எனக்கு போதையா? வாய் வரைக்கும் வந்துச்சு, வீட்டுக்காரரு முழங்கையால இடிச்சாரு, முழுங்கிட்டேன். அந்தப் பொண்ணு பொறுமையா வெளக்குனா. முதல்ல வாங்குன கார்டை மட்டும் மூடாதீங்க, பழசுக்கு மதிப்பு ஜாஸ்தி. வருஷா வருஷம் கட்டணம் கட்டுறது எது, லிமிட் பெருசா இருக்குறது எது, அதைப் பாத்து மூடுங்கன்னா. எனக்குத் திக்குன்னு ஆச்சு. கட்டணம் கட்டுறதும் அதுதான், லிமிட் பெருசும் அதுதான். நீலக் கலர் கார்டு. மத்ததையெல்லாம் தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுடுவேன். இந்த ஒண்ணுதான் என்னைப் போட்டுப் பிசைஞ்சுது.

அஞ்சு கார்டு எப்படிச் சேந்துச்சுன்னு கேட்டா எனக்கே சிரிப்பு வரும். நான் சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில பேக்கிங் செக்ஷன்ல சூப்பர்வைசர். சம்பள நாளானா கம்பெனி கேட்டுக்கு வெளிய ஒரு பெரிய குடையை நட்டு, டேபிளைப் போட்டு, டை கட்டிக்கிட்டு கார்டுக்காரங்க நிப்பாங்க. "அக்கா, ஒரு கையெழுத்துதான் அக்கா." டேபிள் மேல கிஃப்ட் அடுக்கியிருக்கும். ஓசியில கிடைச்சா பினாயிலையும் குடிப்பாங்கன்னு சொல்லுவாங்கல்ல, எங்க செக்ஷனே அந்த ரகம். மொத கார்டுக்கு ஹாட் பாக்ஸ் வந்துச்சு, அதுலதான் இன்னிக்கும் இட்லி வைக்கிறேன். அப்புறம் ஒரு செவுத்துக் கடியாரம், ஒரு நாளும் ஓடுனதில்ல. ஒரு குடை. ஒரு தண்ணி பாட்டில். நீலக் கார்டுக்குத்தான் பெரிய கிஃப்ட், செவப்புக் கலர்ல டிராலி பேக். நாங்க எங்க தள்ளிக்கிட்டுப் போறோம், ஏரோப்ளேனுக்கா? ஒரு சக்கரம் வேற வந்த அன்னைக்கே கடகடன்னு ஆடுச்சு. தங்கச்சி கேட்டா, கொடுத்துட்டேன்.

எனக்குக் கூடப்பொறந்தது அவ ஒருத்திதான். பிள்ளைச்சாவடியில கட்டிக் கொடுத்திருக்கு. அவ வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. ஊருல யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன்ம்பாங்க. அந்தத் தங்கத்தை உரசிப் பாத்தவ எந்தங்கச்சி மட்டும்தான்.

ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டுல ரூம் சுத்தம் பண்ற வேலை அவளுக்கு. சம்பளம் ஏறுற ஏடிஎம் கார்டு அவரு பாக்கெட்டுல. கடைக்குப் போனா எண்ணிக் கொடுப்பாரு, வந்தா எண்ணி வாங்குவாரு. தக்காளி இன்னா வெல, பூ ஏன் ரெண்டு மொழம், ஷேர் ஆட்டோவுல ஏன் வந்த, பஸ்ஸு வரலியா. கத்தவே மாட்டாரு. சாமிக்கு மந்திரம் சொல்ற மாதிரி மெதுவா, ஒண்ணு விடாம கேப்பாரு. ஃபோன் வந்தா ஸ்பீக்கர்ல போடணும். நான் கூப்பிட்டா, "அக்கா, சொல்லுங்க, நானும் இங்கதான் இருக்கேன்"ன்னு அவரு கொரல்தான் மொதல்ல வரும்.

"வந்துடுடி"ன்னு அவகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். "பொண்ணு படிப்பு முடியட்டும்க்கா"ம்பா. ஒரே பொண்ணு, இப்ப சென்னையில ஹாஸ்டல்ல தங்கி நர்சிங் படிக்குது.

எங்களுக்கு அப்பா அம்மாவும் இல்ல, அண்ணன் தம்பியும் இல்ல. அதனால பொங்கல் சீர்வரிசையை நான்தான் எடுத்துக்கிட்டுப் போவேன். ஆட்டோ மேல கரும்பைக் கட்டி, உள்ள மஞ்சக்கொத்து, பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய், பொடவை ஜாக்கெட்டு, தட்டுல வெத்தல பாக்கோட காசு. எங்க பக்கத்துல தாய்வீட்டு வரிசைக்கு மாப்பிள்ளை கணக்குக் கேக்க மாட்டான். கேட்டா நாலு பேரு காறித் துப்புவாங்க. அதே மாதிரி கொடுத்தவங்களும் அதைத் திரும்ப எடுக்க மாட்டாங்க. எடுத்தா உறவை அறுத்துக்கிட்டோம்னு அர்த்தம். இந்த வழக்கத்துல ஒரு சந்து இருக்குதேன்னு எனக்கு ஒரு வருஷம் தோணிச்சு. கணக்குக் கேக்காத எடத்துல வச்சாத்தானே அவருக்குத் தெரியாம போவும்?

நீலக் கார்டுல அவ பேருக்கு இன்னொரு கார்டு போட்டு வாங்குனேன். மெசேஜ் வர்றதுக்கு அவ நம்பரையே கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் மெசேஜ்னா ஆகாது, அவ ரிசார்ட்டுல வேலை பாத்து எழுத்துக் கூட்டிப் படிப்பா. ஜாக்கெட் துணியோட மடிப்புல கார்டை வச்சேன். வரிசையை எறக்கி வச்சி, அவரு கரும்பை வெட்டிக்கிட்டு இருந்த நேரத்துல அடுப்பங்கரையில அவ காதுல சொன்னேன். "பணம் நான் கட்டிக்கிறேன். எது வேணுமோ எடுத்துக்க. செருப்போ, மருந்தோ, ஒரு பரோட்டாவோ. யாரையும் கேக்காத." அவ எம்மூஞ்சியவே பாத்தா. அப்புறம் அதைக் கொண்டு போய் நாப்கின் பாக்கெட்டுக்குள்ள சொருகி வச்சிட்டு வந்தா. "அங்க அவரு கை வராதுக்கா"ன்னு சிரிச்சா. எனக்கும் சிரிப்பு, அழுகை, எல்லாம் சேந்து வந்துச்சு.

அதோட சரி. அந்த கார்டை அவ தொடவே இல்ல.

மாசா மாசம் எனக்கு கணக்கு வரும், தொறந்து பாப்பேன், ஒண்ணும் இருக்காது. ஆரம்பத்துல பயப்படுறான்னு நெனச்சேன். அப்புறம் மறந்துட்டாளோன்னு நெனச்சேன். போவப் போவ எனக்குக் கோவம் வந்துச்சு. வருஷா வருஷம் தண்டமா கட்டணம் கட்டிக்கிட்டு இருக்கேன், மகராசி ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கல. ஒரு தடவை சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்தவ கால்ல, செருப்பு வாரு அறுந்து ஊக்கு மாட்டியிருந்துச்சு. கையைப் பிடிச்சி நேரு வீதியில ஒரு செருப்புக் கடைக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். "உங்கிட்டதான் கார்டு இருக்கே, எடுடி"ன்னேன். "வேணாம்க்கா, ஊக்கே நல்லாத்தான் இருக்கு"ன்னா. நான் என் காசுல வாங்கித் தரேன்னேன், அதுவும் வேணாம்னா. கடைக்காரன் செருப்பைக் கையில வச்சிக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறான். என் காசு அவளுக்குத் தீட்டா? அப்படியே திரும்பி நடந்துட்டேன். அந்த சுருக்கு எனக்குள்ள அவுழவே இல்ல.

இந்த நெலமையிலதான் பேங்க்கு பொண்ணு மூடச் சொன்னது.

மத்த கார்டுங்களை மூடுறது ஒண்ணும் கஷ்டமா இல்ல, தொல்லையா இருந்துச்சு. ஃபோன் போட்டா ஒண்ணை அமுத்து, ரெண்டை அமுத்துன்னு அமுத்தி அமுத்தி வெரல் தேஞ்சுது. கடைசியா ஒரு ஆளு வந்து, "ஏன் மேடம் மூடுறீங்க, எங்க சர்வீஸ்ல எதாவது கொறையா?"ன்னு பொண்ணு பாக்க வந்துட்டு வேணாம்னு சொன்னவங்களைக் கேக்குற மாதிரி கேக்குறான். பாயிண்ட் சேந்திருக்கு, அதை வச்சி ஒரு மிக்ஸி வாங்கலாம்ங்கிறான். "தம்பி, அதைத் தொட்டதே இல்ல, பாயிண்ட் எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு கேட்டா லைனை ஹோல்டுல போட்டுட்டான். கடியாரக் கார்டு போச்சு, குடை கார்டு போச்சு. பாட்டில் கார்டு சின்னது, அது இருக்கட்டும்னு விட்டேன். மிச்சம் நீலம்.

"அதை விட்டுடு"ன்னாரு வீட்டுக்காரரு. "ரூம் வரலைன்னா போவுது. அந்தப் புள்ளைக்குன்னு கொடுத்தது."

"கொடுத்து? பூஜையில வச்சி கும்புடுறாளா? நீங்க முதுகைப் பிடிச்சிக்கிட்டு ஆட்டோ ஓட்டுங்க, அவ கார்டைப் பாக்கெட்டுல வச்சிப் பூட்டட்டும்."

"உனக்குக் கோவம் வந்தா ஞாயம் தெரியாது"ன்னு சொல்லிட்டு அவரு சவாரிக்குக் கெளம்பிட்டாரு.

அவரு போனதும் வீடு என்னைத் தின்ன வந்துச்சு. அரிசி களைஞ்சேன், உலையில போட மறந்துட்டேன். செருப்பை மாட்டிக்கிட்டு குருசுக்குப்பம் வரைக்கும் நடந்தேன். மீன் வாங்கறதுக்குன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். ஒரு கூடையில சங்கரா துடிச்சிக்கிட்டு இருந்துச்சு. வெலைய கேட்டுட்டு வாங்காம திரும்புனேன். "இன்னாக்கா, வேடிக்கை பாக்க வந்தியா?"ன்னு மீன்காரம்மா கத்துனாங்க. ரோட்டுல வந்தா, நின்னா நடக்கணும்னு இருக்கு, நடந்தா நிக்கணும்னு இருக்கு. மதில் மேல பூனையாவது ஒரு பக்கம் குதிக்கும். மூடிட்டு அவளுக்கு ஒரு ஆபத்துன்னா? மூடாம விட்டு லோன் வராமப் போயி, இந்த மனுஷன் இடுப்பு உடைஞ்சா? ரெண்டுமே எம்மேலதான் விழும். அவளையே ஒரு வார்த்தை கேட்டுட்டா தீந்துச்சுன்னு தோணிச்சு. கடல் பக்கமா திரும்பி, ஒரு கல்லு மேல உக்காந்து ஃபோன் போட்டேன்.

"அக்கா, சொல்லுங்க, நானும் இங்கதான் இருக்கேன்."

என்னத்தைச் சொல்றது? "சாப்பிட்டீங்களா தம்பி"ன்னேன். சாப்பிட்டாராம். அவளும் சாப்பிட்டாளாம். அவ பேசுனது ரெண்டே வார்த்தை. அப்புறம், "கரெண்ட் பில்லு பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா, அப்புறம் பேசலாமா?"ன்னு அவரே வச்சிட்டாரு. எனக்கு அவரு மேல வரவேண்டிய கோவம் பூரா அவ மேல திரும்பிடுச்சு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஃபோனை எடுத்துக்கிட்டு தெருவுக்கு வரக் கூடாதா? ரிசார்ட்டுலேர்ந்து ஒரு கால் போடக் கூடாதா? அவளுக்கே வேணாம்னா எனக்கு மட்டும் என்ன வேண்டுதலா? அங்கேயே, அந்தக் கல்லு மேலயே உக்காந்து, ஒண்ணை அமுத்தி ரெண்டை அமுத்தி, நீலக் கார்டை மூடச் சொல்லிட்டேன்.

"இதோட சேந்த இன்னொரு கார்டும் மூடிடும் மேடம், பரவாயில்லையா?"ன்னு கேட்டாங்க.

"பரவாயில்ல"ன்னேன். என் கொரல் எனக்கே வேத்தாளு கொரலா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து என் கார்டைக் கத்திரிக்கோலால வெட்டுனேன். அந்தச் சில்லு இருக்குற எடத்துல கத்திரி ஏறவே இல்ல, கார்டு வளைஞ்சு வளைஞ்சு போவுது. ரெண்டு கையாலயும் அழுத்தித்தான் அறுத்தேன். மனசு லேசாவும்னு பாத்தா, எங்க? ராத்திரி வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குற அடுப்பைத் தேய் தேய்னு தேச்சேன். வீட்டுக்காரரு துண்டு துண்டா கெடந்த கார்டைப் பாத்தாரு. தட்டுல போட்டதைச் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாரு. அவரு திட்டியிருந்தாக்கூட தேவலாம்.

அந்த வாரம் பூரா கம்பெனியில நான் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். "சூப்பர்வைசரம்மாவுக்கு இன்னா ஆச்சு?"ன்னு பொண்ணுங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டேனோன்னு ஒரு நெனப்பு. ஃபோனை எடுப்பேன், அந்த 'நானும் இங்கதான் இருக்கேன்' ஞாபகம் வரும், வச்சிடுவேன். கார்டு மூடியாச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்தது வெள்ளிக்கெழம. அவளுக்கும் அதே நேரத்துல போயிருக்கும்ங்கிறது எனக்கு அப்ப உறைக்கவே இல்ல.

ஞாயித்துக்கெழம காலையில நான் வாசல்ல தண்ணி தெளிச்சிக்கிட்டு இருந்தேன். தெருக்கோடியிலேர்ந்து ஒரு சத்தம். கடகட, கடகட. எனக்குத் தெரிஞ்ச சத்தமா இருக்கேன்னு நிமிந்து பாத்தா, செவப்பு டிராலி பேக்கு. தள்ளிக்கிட்டு வர்றது எந்தங்கச்சி. கால்ல அதே ஊக்குப் போட்ட செருப்பு. தண்ணி சொம்பு என் கையிலேர்ந்து நழுவி உருண்டுச்சு.

வாசப்படியில வந்து நின்னா. அழல. மூஞ்சி கழுவி வச்ச மாதிரி இருந்துச்சு.

"மூடிட்டல்லக்கா?"ன்னா.

என்னால தலையாட்டத்தான் முடிஞ்சுது.

"மெசேஜை நாலு தடவை எழுத்துக் கூட்டிப் பாத்தேன். கொடுத்த வரிசையத் திரும்ப எடுத்துக்கிட்டாளேன்னு ரிசார்ட்டு பாத்ரூமுல உக்காந்து அழுதேன். எங்க அக்காவும் இல்லன்னு ஆயிடுச்சேன்னு."

"நீ அதைத் தொடவே இல்லியேடி! ஒரு செருப்பு வாங்குனியா, ஒரு டீ குடிச்சியா? எங்காசு உனக்கு வேணாம்னுதானே நான்..."

"செருப்பு வாங்குனா அவரு எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு. கார்டு மாட்டிக்கும். அப்புறம் ஓடணும்னா எதை வச்சி ஓடறது?" மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசுனா. "அவரு தெனமும் தக்காளி கணக்குக் கேக்கும்போது, உள்ள பாக்கெட்டுல கார்டு இருக்குது, எப்ப வேணா போயிடுவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அதை வச்சித்தான்க்கா இத்தினி நாளு அங்க இருந்தேன். முந்தாநேத்து அது இல்லன்னதும், ஒரு வேளை சோறு அந்த வூட்டுல எறங்கல. அதான் வந்துட்டேன்."

தெருவே பாக்குதுன்னு தெரியும். எனக்குத் தாங்கல. "வாயில என்னாடி கொழுக்கட்டையா வச்சிருந்த? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னு கத்திட்டேன்.

"ஸ்பீக்கர்ல எப்படிக்கா சொல்றது?"

பேக்கை அவ கையிலேர்ந்து பிடுங்கி உள்ள வச்சேன். லேசாத்தான் இருந்துச்சு, பாதி கூட ரொம்பல. பஸ்ஸுக்கு ஏதுடி காசுன்னேன். வரிசைத் தட்டுல நான் வச்ச காசை அவ செலவழிக்கலையாம். வருஷா வருஷம் வச்சதெல்லாம் அதே நாப்கின் பாக்கெட்டுல இருந்துச்சாம். வீட்டுக்காரரு பல்லு வெளக்கிக்கிட்டே கொல்லைப்பக்கத்துலேர்ந்து வந்து, அவளைப் பாத்து, பேக்கைப் பாத்து, "வா மா"ன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாடி ரூம்ல ஒண்ணு வாடகைக்குப் போதும்"ன்னாரு.

நான் காப்பி போட உள்ள போனேன். பால் பொங்கற நேரத்துல கூடத்துல ஃபோன் அடிச்சுது. அவ ஃபோன். வெளிய வந்து பாத்தேன். அவ அதை மடியில வச்சிக்கிட்டு, தொடாம, அடிக்கிறதையே பாத்துக்கிட்டு இருக்கா. யாருன்னு நான் கேக்கல. நின்னு போயி மறுபடியும் அடிச்சுது. என்னை நிமிந்து பாத்தா.

நான் போயி அவ பக்கத்துல ஒட்டி உக்காந்தேன். வீட்டுக்காரரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்தாரு.

"எடு"ன்னேன். "ஸ்பீக்கர்ல போடு. நாங்களும் இங்கதான் இருக்கோம்."